பட்டுவுக்கு இந்த வாரம் என்ன?

இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கடிகாரக்காரர் தீர்மானித்துவிட்டார். இந்த வீட்டில் ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டு இருக்க வேண்டும். தீர்மானத்தை மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்பதில் அவருக்கே சந்தேகம் இருந்தது.

பட்டு என்பது உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த டரான்டுலா சிலந்தி. மகள் ஆசையாக வளர்த்தது. வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனபோது, கண்ணாடிப் பெட்டியோடு அம்மா மடியில் வைத்துவிட்டுப் போனாள். பத்து மாதம் ஆகிறது.

முன்பெல்லாம் அவர் கடையிலிருந்து திரும்பினால் மனைவி எதிர் நாற்காலியில் வந்து உட்காருவாள். இன்றைக்கு எந்தக் கடிகாரம் மக்கர் செய்தது என்று கேட்பாள். அந்த அரை மணி நேரத்துக்காகவே அவர் நாள் முழுக்கப் பல்சக்கரங்களோடு மல்லுக்கட்டினார். இப்போது நாற்காலி காலி. அவள் பெட்டிக்கு முன்னால்தான் பழி கிடந்தாள்.

"போன வாரம் சில்வண்டு. அதுக்கு முந்தின வாரம் கரப்பான். இந்த வாரம் வெட்டுக்கிளி குடுக்கலாமா, புழு குடுக்கலாமாங்க?"

"எனக்கு?"

"நேத்து வெச்சதே இருக்கு. சூடு பண்ணிக்கோங்க."

"அதுக்கும் ஒண்ணையே போட்டா என்னவாம்?"

"சத்து சேராது. மாத்தி மாத்தித்தான் குடுக்கணும். புழுன்னா கொழுப்பு, அளவா போடணும்."

"நம்ம அடுப்படியிலேயே கரப்பான் ஓடுதே?"

"அது மருந்து தின்ன கரப்பான். கடையில வளர்த்ததுதான் ஆகும்."

இரையாகப் போகிற சில்வண்டுகளுக்கும் தனி உபசாரம். அவை சத்தாக இருந்தால்தான் பட்டுவுக்குச் சத்தாம். கேரட்டைப் பொடிப்பொடியாக நறுக்கி அந்த டப்பாவில் போட்டாள். அவர் தட்டுக்குக் கேரட் முழுசாகத்தான் வந்தது. போதாக்குறைக்கு, அவருடைய தொழில் இடுக்கிகளில் நல்லதாக ஒன்று பூச்சி பிடிக்கப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்வாள். "நல்லா இருக்கியாம்மா?" என்பார். "இருக்கேன்பா" என்று வரும். அதற்குமேல் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாது. "இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று கொடுத்துவிட்டு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் பழுது பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அவருடைய திட்டம் எளிமையானது. பட்டுவுக்கு முன்கூட்டியே வயிறு நிரம்பிவிட்டால், மனைவி தேடிப்பிடித்து வாங்குவதைத் தொடாது. நாலு தடவை தொடாவிட்டால் அவளுக்கு அலுத்துவிடும். பட்டுவை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வதாகப் பூச்சிக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நாற்காலி மறுபடி நிரம்பும்.

மனைவி குளிக்கப் போன நேரம் டப்பாவில் கையை விட்டார். மீசை ஒடிந்த மந்தமான சில்வண்டு ஒன்று அகப்பட்டது. பெட்டிக்குள் போட்டார். மறுநாள் பார்த்தால் அதைக் காணோம். தின்றுவிட்டது! இன்னொன்று போட்டார். இப்படியே பத்து நாள்.

பட்டு வெட்டுக்கிளியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புழுவையும் தொடவில்லை. திட்டம் பலித்தது, மனைவிக்கு அலுப்புதான் வரவில்லை. முன்பு மாலையில் மட்டும் பெட்டியருகே இருந்தவள், இப்போது காலையிலும் இருந்தாள்.

பதினோராம் நாள் காலை பட்டு மல்லாந்து கிடந்தது. செத்துவிட்டது என்றே கடிகாரக்காரர் நினைத்தார். மனைவியிடம் சொல்லாமல் கடைக்கு ஓடினார். அன்று ஒரு கடிகாரத்தில் பெரிய முள்ளின் இடத்தில் சின்ன முள்ளை மாட்டினார்.

மாலையில் வந்தால், மேஜையில் ஒரு காகிதம். அதன்மேல் எட்டுக் காலும் ரோமமுமாக, அசைவில்லாமல் பட்டு. எதிர் நாற்காலியில் மனைவி. பத்து மாதமாக அவர் ஏங்கிய காட்சி, பார்க்கச் சகிக்கவில்லை.

"நான்தான்" என்றார். "தினமும் சில்வண்டு போட்டு நான்தான் கொன்னுட்டேன்."

"எதுக்குங்க?"

"நீ இங்க வந்து உட்காரவே மாட்டேங்கிறியே. பொண்ணும் போயிட்டா, நீயும் பெட்டிகிட்ட போயிட்டே. அவ கையால வளர்த்தது. இனி அவகிட்ட என்ன சொல்லுவேன்?"

மனைவி அதை இரண்டு விரலால் தூக்கினாள். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு.

"இது உரிச்ச சட்டைங்க. மல்லாந்து படுத்துத்தான் உரிக்கும். பட்டு பெட்டியில இருக்கிற மரப்பட்டைக்குக் கீழே சௌக்கியமா இருக்கு. சட்டை உரிக்கப் போறதுனாலதான் சாப்பிடல."

"அப்ப நான் போட்ட பத்து சில்வண்டு?"

"பத்தா? ஒண்ணுதான். அந்த மீசை ஒடிஞ்சது. நான் எடுத்து டப்பாவுல விடுவேன், நீங்க மறுநாள் அதையே பிடிச்சுப் போடுவீங்க. அது ஒண்ணுதான் உங்க கைக்கு அகப்பட்டுது."

"தெரிஞ்சும் கேக்கலையே?"

"கேக்கிற நினைப்பே இல்லீங்க. பட்டு சாப்பிடலைன்னதும் நம்ம பொண்ணு தினமும் போன் பண்ணினா, எனக்கு அதுவே போதும்னு இருந்துட்டேன். போன வாரத்துப் பூச்சியேன்னா ரெண்டு நிமிஷத்துல போனை வெச்சிடுவா. புதுப் பூச்சின்னா இருபது நிமிஷம் பேசுவா. வேற எதுக்கு மாத்தி மாத்தி வாங்குறேன்னு நினைச்சீங்க?"

போன் அடித்தது. எடுத்து அவர் காதில் வைத்தாள். "உங்களுக்குத்தான்."

"அப்பா, பட்டுவுக்கு இனிமே நீங்கதான் சாப்பாடு குடுக்கப் போறீங்களாமே, அம்மா சொன்னாங்க. சட்டை உரிச்ச புதுசுல பல்லு மெத்துன்னு இருக்கும், அது கெட்டிப்படுற வரைக்கும் ஒண்ணும் போடாதீங்க. அப்புறம் முதல்ல என்ன போடலாம், கரப்பானா, வெட்டுக்கிளியா?"

இப்போது அவருக்குச் சொல்ல விஷயம் இருந்தது. மீசை ஒடிந்த சில்வண்டின் கதையில் ஆரம்பித்தார். கடல் தாண்டி மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரம் பேசினார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மனைவி அதே நாற்காலியில், அவர் எதிரேயே உட்கார்ந்திருந்தாள். அவருக்கு உள்ளம் குளிர்ந்தது. இன்றைக்கு எந்தக் கடிகாரம் மக்கர் செய்தது என்று கேட்கப் போகிறாள்.

அவள் கேரட்டையும் கத்தியையும் அவர் பக்கம் நகர்த்தினாள். "பொடியா நறுக்குங்க. முழுசா போட்டா சில்வண்டு சாப்பிடாது."