லீக் முறையில் ஒரு நடவு

விளையாட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்கள்தான் இன்று அதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். டிவியில் கிரிக்கெட் ஓடுகிறது. இருபத்திரண்டு பேர் ஆடுகிறார்களாம். எண்ணிப் பார்த்தால் மைதானத்தில் இருப்பது பதின்மூன்று பேர். ஒன்பது பேர் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பதின்மூன்றிலும் ஒரு பந்துக்கு மூன்று பேருக்குத்தான் வேலை. மிச்சம் பத்துப் பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். (எங்கள் தெரு முனையிலும் தினம் பத்துப் பேர் அப்படித்தான் நிற்கிறார்கள். ஒருத்தரும் மெடல் கொடுத்த பாடில்லை.) இப்போது நாற்காலியை விட்டு எழாமல் கம்ப்யூட்டரில் சுடுவதற்கும் கோப்பை உண்டாம்.

ஆனால் இதையெல்லாம் கேலி செய்யும் யோக்கியதை எனக்குக் கிடையாது. விளையாட்டு எது, வேலை எது என்று ஒலிபெருக்கியில் மூன்று முறை விளக்கி, அந்த விளக்கத்தாலேயே உத்தியோகத்தை இழந்த ஒரே முட்டாள் நான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியர். ஊர் வாயில் டிரில் மாஸ்டர். ஆட்சி மாறிய புதிது. முடிவெட்டும் கடையில்கூட அடுக்குமொழியில்தான் பேசினார்கள். நானும் கண்ணாடி முன்னால் நின்று தினம் பத்து நிமிடம் மேடைப்பேச்சு பழகினேன். பள்ளிக்கூடம் உள்ளூர் மிராசுதாருடையது. என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேஜை இழுப்பறையில் பதினோரு மாதமாகக் கிடந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த ஆடியில், கூலியில் ஒரு படி நெல் கூட்டித் தராமல் சேற்றில் கால் வைப்பதில்லை என்று நடவுப் பெண்கள் நின்றுவிட்டார்கள். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வெளியூர் ஆட்களை இறக்கிய இரண்டு ஊர்களில் மண்டை உடைந்திருந்தது. மிராசுதாரின் முப்பது மா நிலம், அதாவது பத்து ஏக்கர், உழுது தண்ணீர் கட்டிக் காத்துக் கிடந்தது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

பதின்மூன்றாம் நாள் மிராசுதார் என்னைக் கூப்பிட்டு, டம்ளர் நிறையக் காப்பி கொடுத்தார். (பதினோரு மாதத்தில் அதுதான் முதல் காப்பி. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.)

"தம்பி, சுதந்திர தின விழாவுல எத்தனை வருஷத்துக்குத்தான் சாக்கு ஓட்டமும் கயிறு இழுக்கறதும்? நம்ம மண்ணுக்குன்னு ஒரு விளையாட்டு வேணாமா? நடவையே ஒரு போட்டியா வச்சா என்ன?"

எனக்குப் புல்லரித்தது. புதிய விளையாட்டு ஒன்றைப் பெற்றெடுக்கப் போகும் தகப்பனாக என்னை நினைத்துக்கொண்டேன். இரண்டே நாளில் நாற்பது பக்க நோட்டில் பதினேழு விதிகள் எழுதினேன். அணிக்குப் பன்னிரண்டு பெண்கள், ஆறு அணி, ஆக எழுபத்திரண்டு பேர். ஆளுக்கு ஆள் இடைவெளி இத்தனை சாண். மிதக்கும் நாற்று ஒன்றுக்கு அரைப் புள்ளி கழிவு. தோற்றவர் வெளியேறும் முறையில் ஐந்து ஆட்டம் என்று அட்டவணை போட்டு நீட்டினேன்.

மிராசுதார் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "தோத்தவங்க வீட்டுக்குப் போயிடுவாங்களே தம்பி, பாவம். எல்லாரும் எல்லாரோடயும் ஆடுற மாதிரி ஒண்ணு இருக்காமே, லீக்கு. அதை வைங்க."

லீக் என்றால் ஆறு அணிக்குப் பதினைந்து ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணி, அணிக்கு ஒரு மா. ஆக முப்பது மா. தோற்றவர்களுக்காக இப்படி உருகும் மனிதரா என்று எனக்குக் கண் கலங்கியது. எதையும் எண்ணுகிற நான், அவருடைய முப்பதையும் என்னுடைய முப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பரிசு ஒரே ஒரு எவர்சில்வர் குடம். பன்னிரண்டு பேருக்கு ஒரு குடம் என்பதையும் எண்ணவில்லை.

மறுநாள் வேம்பு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நடவுப் பெண்களுக்கு அவள் சொல்தான் சட்டம். வராந்தாவில் நின்று, இது வேலையா விளையாட்டா என்று கேட்டாள். விளையாட்டுதான் என்றேன். எழுதித் தர முடியுமா என்றாள். நான் என்ன சாதாரண ஆளா? எழுதி, கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சிரித்தாளா என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது முத்திரை நேராக விழுந்ததா என்று மட்டும்தான் பார்த்தேன்.

விழா நாள். முதல் சுற்றில் மூன்று ஆட்டம், ஆறு அணி, ஆறு மா. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில், கையில் மைக். வந்திருந்த இருநூறு பேரையும் பார்த்ததும் எனக்குள் இருந்த பேச்சாளன் எழுந்துவிட்டான்.

"வேலை முடிந்தால் ஏதாவது மிஞ்சும். விளையாட்டு முடிந்தால் வெற்றியைத் தவிர எதுவும் மிஞ்சாது. மிஞ்சினால் அது விளையாட்டே அல்ல."

முதல் முறை சொன்னபோது வேம்பு கைதட்டினாள். அதனால் இன்னும் இரண்டு முறை சொன்னேன்.

விசில் ஊதினேன். அடடா, என்ன நடவு. இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் ஆறு மாவும் பச்சை. வரப்பில் குடை பிடித்து நின்ற மிராசுதாரின் முகத்தில் அப்படி ஒரு விளையாட்டு ஆர்வத்தை நான் பார்த்ததே இல்லை. வேம்புவின் அணிக்கு அதிகப் புள்ளி என்று அறிவித்தேன். அவள் கைதட்டலைக் கண்டுகொள்ளாமல் நேரே என்னிடம் வந்தாள்.

"சார், மிஞ்சினா விளையாட்டு இல்லைன்னு மைக்குல மூணு தடவை சொன்னீங்க. இப்ப ஆறு மா மிஞ்சி நிக்குது. அப்ப இது வேலை. வேலைன்னா நாங்க கேக்குற கூலி வேணும். விளையாட்டுதான்னா சொல்லுங்க, மிஞ்சாம பண்ணிட்டுப் போறோம்."

நான் விதி நோட்டைப் புரட்டினேன். மிராசுதார் குடையை மடக்காமலே முந்திக்கொண்டார். "விளையாட்டுதாம்மா. அதுல என்ன சந்தேகம்? குடத்தை வாங்கிக்கிட்டுப் போ."

"ஐயாவே சொல்லிட்டாரு" என்று வேம்பு திரும்பினாள்.

எழுபத்திரண்டு பேரும் மறுபடி குனிந்தார்கள். நட்ட நாற்றை வேர் அறாமல் பிடுங்கி, அலசி, சின்னச் சின்ன முடிகளாகக் கட்டி, வரப்பில் அடுக்க ஆரம்பித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தேன். முதல் மா பதினாறு நிமிடத்தில் காலி.

மிராசுதாருக்கு என்னைத் "தம்பி" என்று கூப்பிடுவது மறந்துபோனது. "டேய், விசிலை ஊதுடா" என்றார். ஊதினேன். யாரும் நிமிரவில்லை. ஆட்டம் முடிந்தபின் நடுவருக்கு அதிகாரம் இல்லை என்பது பதினாறாம் விதி, நான் எழுதியதுதான். வயலுக்குள் ஓடினேன். ஏழாவது அடியில் முழங்கால் வரை சேறு. எட்டாவது அடி வைக்கப் போய் முகம் குப்புற விழுந்தேன். வேம்புதான் கையைப் பிடித்துத் தூக்கினாள். "பாத்து சார். இதுக்கு எத்தனை பாயிண்டு கழிப்பீங்க?" என்றாள். இறங்கும்போது ஷூ இரண்டு, ஏறும்போது ஒன்று.

மூன்றாவது மாவில் கை வைத்தபோது மிராசுதார் இறங்கி வந்தார். ஒரு படிதானே, தருகிறேன், நிறுத்தச் சொல் என்றார். வாய்ச்சொல் போதாது என்றாள் வேம்பு.

"எழுதித் தாங்க ஐயா. முத்திரைக்கு சார் இருக்காரு."

என் நோட்டின் பதினெட்டாம் பக்கத்தில் கூலி உயர்வு எழுதப்பட்டது. மிராசுதார் கையெழுத்துப் போட்டார். புள்ளிப் பட்டியலுக்கென்று கொண்டு வந்திருந்த பள்ளி முத்திரையைச் சேற்றுக் கையால் நான் குத்தினேன், இந்த முறையும் நேராக. மறுநாளிலிருந்து எல்லோரும் புதிய கூலிக்கு மிச்ச நிலம் முழுவதையும் நட்டுக் கொடுத்தார்கள். பதினோரு மாதம் காத்திருந்து நான் வாங்கிக் கொடுத்த மிராசுதார் கையெழுத்து அது ஒன்றுதான். என் காகிதம் இழுப்பறையிலேயே மட்கியது. அந்த வார முடிவில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்துக்காக நெற்கதிர் எண்ணும் எழுத்தராக இருந்தேன்.

கதை எனக்கு முன்னால் பூதலூர் வரை போய்விட்டது. அங்கே பெண் பார்க்கப் போனபோது பெண்ணே கேட்டாள், இது பேச்சா விளையாட்டா என்று. அவளைத்தான் கட்டிக்கொண்டேன். நாற்பத்தொன்பது வருஷமாக எந்தக் காகிதத்தை நீட்டினாலும், முத்திரை வையுங்கள் என்கிறாள்.

போன வாரம் மொச்சையைக் கூடத்தில் கொட்டி, யார் அதிகம் உரிக்கிறார்கள் பார்க்கலாம் என்று மருமகளையும் என்னையும் எதிரெதிரே உட்கார வைத்தாள். நான் இருநூற்றுப் பதினான்கு, மருமகள் தொண்ணூற்றாறு. வெற்றி எனக்கு. நிமிர்ந்தால், அடுப்பில் சாம்பார் மொச்சைக்காகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"இது போட்டின்னு சொல்லி ஏமாத்திட்டே" என்றேன்.

மனைவி மொச்சைத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "விளையாட்டுன்னா மிஞ்சக் கூடாதே. எல்லாத்தையும் திருப்பித் தோலுக்குள்ள வைங்க."