போயா நாளில் பார்த்த வீடு

என்னைப் போன்ற புத்திசாலிகள் வீடு தேடவே கூடாது. தேடினால் கிடைத்துவிடும். ஆபத்தே அதுதான்.

திரியாயிலிருந்து திருகோணமலை நகரத்துக்கு நாங்கள் குடிபெயர்ந்த நேரம். என் மனைவி சுமதி தாதி. நகரத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி, பாதி நாட்கள் இரவு வேலை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பகலிலை நான் நித்திரை கொள்ள வேணும். சத்தமில்லாத இடமாப் பாருங்கோ."

ஆராய்ச்சியில் இறங்கினேன் (அதற்கென்று கொப்பி ஒன்றும் வாங்கினேன்). உவர்மலை ஏற்றம் என் சைக்கிளுக்கு ஒத்துவராது. உப்புவெளியில் உல்லாசப் பயணிகளின் ஆட்டம் பாட்டம். கடைசியில், எனக்கு லீவு கிடைத்த ஒரு நாளில், துறைமுகப் பக்கம் ஒரு ஒழுங்கையில் அந்த வீட்டைக் கண்டேன். ஆகா, என்ன அமைதி! எதிரே பெரிய கொட்டில் ஒன்று பூட்டிக் கிடந்தது. 'பாவனையில் இல்லை' என்று கொப்பியில் எழுதி, அமைதிக்குப் பத்துக்குப் பத்துப் போட்டேன்.

வீட்டுக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவர். "தம்பி, வேலை நாள்லயும் ஒருக்கா வந்து பாத்துட்டு முடிவெடுங்களேன்" என்றார். வேறு யாருக்கோ கொடுக்கத்தான் என்னைத் தட்டிக்கழிக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது (எனக்கு எல்லாமே உடனே விளங்கும்).

"தேவையில்லை நானா. எனக்கு ஒரு பார்வை காணும்" என்று சொல்லி, ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன்.

அன்று போயா, பௌர்ணமிக்கு நாடே மூடும் விடுமுறை. மீன் சந்தையிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஊரே பூட்டிக் கிடந்தது. அந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை.

குடிவந்த மறுநாள் காலை, சுமதி வேலை முடிந்து வந்து படுத்தாள். எதிர்க் கொட்டில் திறந்தது. மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் கட்டி உடைக்கும் மெஷின்! எங்கள் அலுமாரிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடியது.

"என்னப்பா இது?" என்று சுமதி எழும்பி வந்தாள்.

"இண்டைக்கு மட்டும்தான் போல" என்று சொல்லிவிட்டு, கொட்டில் முதலாளியிடம் ஓடினேன்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். "நாங்கள் போயாவுக்கு மட்டும்தான் பூட்டுறது, அண்ணை."

நான்காம் நாள் சுமதி அழுதாள். "கண் சொருகுது. ஆருக்கும் மருந்தை மாத்திக் குடுத்திடுவனோ எண்டு பயமாக் கிடக்கு." அன்று எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. மறுநாள் தொடக்கம் அவள் தாதியர் விடுதியில் போய்ப் பகலில் தூங்கினாள். நான் தெரிவு செய்த வீட்டில் நான் தனியே இருந்தேன்.

திரியாயில் கதை வேறுமாதிரிப் பரவியது, நாங்கள் பிரிந்துவிட்டோமாம். சமாதானம் பேச மாமனார் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கதிரையில் உட்கார்ந்து, "தம்பி, குடும்பம் எண்டால்..." என்று தொடங்கவும் எதிர்க் கொட்டில் திறக்கவும் சரியாக இருந்தது. மிச்ச அறிவுரையை அவருடைய வாயசைவில் பார்த்துக்கொண்டேன். கால் மணி நேரம் போராடினார். பிறகு ஒழுங்கை முனைவரை நடந்துபோய் மகளுக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, நீ அங்கேயே இரு."

ஒப்பந்தம் முடிந்த அன்றே வேறு வீடு மாறினோம். அதைச் சுமதிதான் பார்த்தாள், வேலை நாளில், மூன்று தரம்.

போன மாதம் அவளுடைய தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க என்னை அனுப்பினார்கள். "பொடியன் தங்கமான அமைதி. வாயே திறக்கேல்லை" என்று பெருமையோடு வந்து சொன்னேன்.

குசினிக்குள்ளிருந்து சுமதியின் குரல் வந்தது. "பார்த்தது போயாவிலையோ?"

தங்கை ஓடிப்போய்க் கலண்டரைப் பார்த்தாள். போயாதான்.