மேனேஜர் தின்ற காப்பித்தூள்

"ஏங்க, சீக்கிரம் வாங்க! மேனேஜர் காப்பித்தூளத் தின்னுட்டான்!"

மாடியிலிருந்து சுகிர்தத்தின் அலறல் கேட்டபோது, தவசிமுத்து கீழே கடையில் ஒரு வாடிக்கையாளருக்குத் தன் காப்பியின் தூய்மையை விளக்கிக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் அவருடைய காப்பித்தூள் கடைப் பலகை பிரசித்தம்: 'சிக்கரி கலவாத சுத்தக் காப்பி. கலப்படம் என்று நிரூபித்தால் கடையே உங்களுக்கு.'

எதிர்க்கடை அமீருதீன் பாயும் காப்பித்தூள்தான் விற்றார். அவர் பலகையில், 'நிரூபித்தால் கடையோடு வீடும் உங்களுக்கு' என்றிருந்தது. இருவரும் பலகை மூலமாக மட்டுமே பேசிக்கொள்வார்கள்.

மேனேஜர் என்பது நாய். கல்லாவுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் தூங்கிக்கொண்டு, அவ்வப்போது ஒரு கண்ணைத் திறந்து எல்லாரையும் சந்தேகமாகப் பார்ப்பதால் வந்த பெயர். அந்த வீட்டில் தவசிமுத்துவின் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன்.

அடுப்படியில் டப்பா கவிழ்ந்து கிடந்தது. மேனேஜரின் மூக்கு, மீசை எல்லாம் பழுப்பு.

"நாய்க்குக் காப்பி ஆகாதாம். நெஞ்சு படபடன்னு அடிச்சு வலிப்பு வந்துருமாம். டாக்டர்ட்ட போவோம்," என்றாள் சுகிர்தம்.

"டாக்டர் எதுக்கு? காப்பி சூடு. தயிர்சோறு வச்சா தணிஞ்சிரும்."

மேனேஜர் இரண்டு கிண்ணம் தயிர்சோற்றைத் தின்றுவிட்டு மூன்றாவதற்கு நின்றது. அதற்குள் தெரு கூடிவிட்டது. யாரோ உப்புத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். செம்பைக் கண்டதும் மேனேஜர் பாய்ந்து ஓடியது. பின்னாலேயே தவசிமுத்து. அவர் பின்னால் பாதித் தெரு. மீன் வண்டிக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்தபோது அதற்கு இரைத்தது. காப்பியால் இரைக்கிறதா, ஓட்டத்தால் இரைக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. தவசிமுத்துவுக்கும் அப்படித்தான் இரைத்தது. அவர் காப்பி குடித்திருக்கவில்லை.

பயந்துபோய் டாக்டரிடம் கிளம்பினால், நாய் என்றதும் ஆட்டோக்கள் நிற்காமல் போயின. கடைசியில் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. ஓட்டியவர் அமீருதீன் பாய்.

"இன்னா அண்ணாச்சி, வாயில்லா ஜீவன வச்சிகினு ரோசம் பாத்துகினு கீறீங்க? ஏறுங்க!"

வேறு வழியில்லை. சுகிர்தமும் கூடவே ஏறிக்கொண்டாள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பாய் வண்டியை நுழைத்து நுழைத்து ஓட்டினார். மடியில் மேனேஜர் நடுங்கியபோதெல்லாம் தவசிமுத்துவும் நடுங்கினார்.

கால்நடை டாக்டர் ராமசெல்வி மேனேஜரின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார்.

"வேகமாத்தான் துடிக்குது. சீக்கிரம் வந்துட்டீங்க, காப்பாத்திடலாம். தூள்ல காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு?"

"ஏங்க, ஒரு நிமிஷம்…" என்று சுகிர்தம் வாயைத் திறந்தாள்.

"நீ சும்மா இரு. தூளப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" தவசிமுத்து பாயை ஓரக்கண்ணால் பார்த்தார். "நூத்துக்கு நூறு காப்பி, டாக்டரம்மா."

"அப்போ ரொம்ப மோசம். வாந்தி எடுக்க வைக்கணும், ராத்திரி பூரா டிரிப்ஸ், இதயத் துடிப்பக் குறைக்க மருந்து." டாக்டர் ஒரு பெரிய ஊசியை எடுத்தார்.

"இவ்ளோ பெரிசா?" தவசிமுத்து பதறினார். "காப்பி ஒரு எண்பதுன்னு வச்சிக்கிடுங்களேன்."

"இன்னா அண்ணாச்சி," என்றார் பாய். "போர்டுல வேற மாதிரி கீதே?"

"மழைக்காலத்துல மட்டும் எண்பது, பாய்."

டாக்டர் மருந்தைக் கொஞ்சம் குறைத்தார். தவசிமுத்து ஊசியைப் பார்த்தார்.

"அறுபதும் இருக்கலாம்."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். "சார், இது காய்கறி பேரம் இல்ல. உள்ள காப்பியே இல்லாம துடிப்பக் குறைச்சா, நாய்க்கு உள்ள துடிப்பும் போயிடும். உண்மையச் சொல்லுங்க."

"ஏங்க, நான் சொல்றதக் கொஞ்சம்…" என்று சுகிர்தம் மறுபடி ஆரம்பித்தாள்.

"சும்மா இருன்னேன்ல!"

மேனேஜர் தவசிமுத்துவின் புறங்கையை ஒருமுறை நக்கியது. அவ்வளவுதான். கடை, பலகை, அப்பா காலத்துப் பேர் எல்லாம் அந்த ஈரத்தில் கரைந்தன.

"பதினஞ்சு," என்றார் தவசிமுத்து, தரையைப் பார்த்து.

"மீதி?"

"சிக்கரி. அப்புறம்… வறுத்த புளியங்கொட்டை."

பாய் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "புளியங்கொட்டையா! அண்ணாச்சி, இத்தினி வருசமா நீ காப்பி விக்கல, கொழம்பு வித்துகினு இருந்துகீற! நாளைக்கே போர்ட மாத்து. இல்ல, நானே வந்து மாத்துறேன்."

தவசிமுத்து தலை நிமிரவில்லை. மேனேஜரின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பரவால்ல, உண்மையச் சொன்னீங்களே," டாக்டரின் குரல் தணிந்தது. "அப்படின்னா பயமே இல்ல. ஊசி வேணாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

"வேணாம் டாக்டர், போகக் கூடாது!" சுகிர்தம் குறுக்கே வந்து நின்றாள். புருஷனைப் பார்க்காமல் அமீருதீன் பக்கம் திரும்பினாள்.

"நாய் தின்னது எங்க தூளே இல்ல. வீட்டுக்கு நான் பக்கத்து வீட்டுப் பூவம்மாவ அனுப்பி உங்க கடையிலதான் வாங்குறேன். இப்ப நீங்க சொல்லுங்க பாய், அதுல காப்பி எவ்வளவு?"