மாமாவைக் கொன்ற அட்டைப்படம்

என் தாய்மாமா சிங்காரவேலுவை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். வேண்டுமென்றே செய்ததல்ல. ஆயுதமும் எடுக்கவில்லை. தீப்பெட்டி அளவில் ஒரு படம் போட்டேன், அவ்வளவுதான். (மாமா இன்றைக்கும் நலம். காலையில்கூட யூரியா கிடைக்கவில்லை என்று என்னைத் திட்டினார்.)

சென்னையில் கிடைத்த நல்ல கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக வீடியோ கேம் செய்யப் போகிறேன் என்று மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த காலம் அது. அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தை அறுப்பு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒண்ணும் ஆகலேன்னா பழையபடி வேலைக்குக் கெளம்பிடணும்" என்றார். அப்பா கெடு வைத்தால் வைத்ததுதான்.

நான் செய்த விளையாட்டின் பெயர் 'கடைசித் தண்ணீர்'. அறுவடைக்கு முன்னால் பயிருக்குக் கடைசியாக ஒரு தண்ணீர் கட்ட வேண்டும். வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருக்கும் ஒரு விவசாயி, ஆகாயத்தாமரையை விலக்கி, வரப்பில் ஓட்டை போடும் நண்டுகளோடு சண்டை போட்டு, மடை மடையாகத் திறந்து தன் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார். அதுதான் ஆட்டம். விளையாடிப் பார்த்த நண்பர்கள் நன்றாக இருப்பதாகத்தான் சொன்னார்கள். மிச்சம் இருந்தது ஒரே வேலை. விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையில் வைப்பதற்கு ஓர் அட்டைப்படம்.

அந்தக் கடையில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் தீப்பெட்டி தீப்பெட்டியாக அடுக்கியிருக்கும். வருகிறவன் விரலால் தள்ளிக்கொண்டே போவான். நம் படம் அவன் கண்ணில் படுவது அரை நொடி. அதற்குள் இது என்ன மாதிரி விளையாட்டு என்று அவனுக்குப் புரிந்தாக வேண்டும். என் முதல் படத்தில் கோபுரம், டிராக்டர், கொக்கு, ஆறு, பதினோரு நண்டு, தென்னந்தோப்பு எல்லாம் இருந்தன. சின்னதாக்கிப் பார்த்தபோது கொட்டிய சாம்பார் மாதிரி இருந்தது.

விளையாட்டு செய்கிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் யோசனை கேட்டேன். "ஒரே ஒரு முகம் போதும். ஆழமான ஒரு உணர்ச்சி. பின்னால் இருட்டு. பெரிய எழுத்து" என்றார்கள். நல்ல யோசனைதான். அதை யாரிடம் சொன்னார்கள் என்பதுதான் பிரச்சினை.

வயலில் நின்று வானத்தைப் பார்க்கும் மாமாவின் பழைய போட்டோ ஒன்று என்னிடம் இருந்தது. விவசாயியின் துயரம் வழியும் முகம். (உண்மையில் தலைக்கு மேலே போன காக்கா மேல் சந்தேகப்பட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.) அதை எடுத்து, கனம் வேண்டும் என்பதற்காகக் கறுப்பு வெள்ளையாக்கினேன். தலைக்குப் பின்னால் வட்டமாக ஓர் ஒளி. இரண்டு பக்கமும் எரிகிற அரிக்கேன் விளக்கு. கீழே ஆகாயத்தாமரைப் பூக்களை வளைவாகக் கோத்தேன். அதற்கும் கீழே பெரிய எழுத்தில் 'கடைசித் தண்ணீர்'. கடைசி வரியாக, வெளியாகும் தேதி.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ஒரு வாரம் தூங்காதவனுக்கு அது உலகத் தரமாகத் தெரிந்தது.

அன்று காலை மாமா, அத்தை, அம்மா, அப்பா நான்கு பேரும் காரில் திருக்கடையூருக்குப் போயிருந்தார்கள். அடுத்த மாதம் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு மண்டபமும் ஐயரும் ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடுதான்; அன்று அதில் நான் மட்டும். எட்டு மணிக்குப் படத்தை முடித்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே இப்படி எழுதினேன்: "ஒரு வருடப் போராட்டம் இன்று முடிவுக்கு வந்தது. எல்லாரும் அவசியம் வாங்க."

இணையக் கடைப் பக்கத்துக்குத்தான் வரச் சொன்னேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் குழு முழுக்கக் கும்பிடு போட்ட கைகள். நாற்பதுக்கு மேல் இருக்கும். அடேயப்பா, என்ன மரியாதை! அழுகிற மூஞ்சிகளும் வந்திருந்தன. படத்தின் உணர்ச்சி மக்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று புல்லரித்து நின்றேன். அப்போது குவைத்திலிருந்து சித்தி கூப்பிட்டார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. குரல் உடைந்திருந்தது.

"எப்படிடா போச்சு?"

"நல்லாப் போகுது சித்தி. நான் எதிர்பாக்கவே இல்ல."

"ரொம்பக் கஷ்டமாடா?"

"ஒரு வருஷமாவே கஷ்டந்தான். கடைசி ஒரு வாரம் ராத்திரி பகல் தூக்கம் இல்ல. காலைல எட்டு மணிக்குத்தான் ஒரு வழியா முடிச்சேன்."

"நீயாடா முடிச்ச?"

"பின்ன? நான் ஒத்தையாத்தான் சித்தி. யாரும் ஒதவிக்கு வரல."

"அடப்பாவி... எப்படா எடுக்குறீங்க?"

"வெள்ளிக்கிழமை வெளிய விடுறேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்குமாடா எங்கண்ணனைப் போட்டு வச்சிருக்கப் போறீங்க?"

அண்ணனா? படத்தை மறுபடியும் திறந்து பார்த்தேன். பேருந்து நிறுத்தத்துச் சுவரில் நம் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணீர் அஞ்சலி ஒன்று, என் கைப்பட, என் கைபேசிக்குள் இருந்தது.

சித்தியிடம் விளக்கிச் சொல்லிவிட்டு, மாமாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு பேருடைய போனும் அப்படித்தான். (கோயிலுக்குள் போகும்போது சத்தத்தை அணைத்துக் காரிலேயே வைத்தவர்கள், திரும்பி வரும்போதும் எடுத்துப் பார்க்கவில்லையாம்.) குழுவில் "மாமா நன்றாக இருக்கிறார்" என்று எழுதினேன். வந்து குவியும் இரங்கல்களுக்கு நடுவில் அது, ஆகாயத்தாமரைக்குள் விழுந்த செருப்பு மாதிரி காணாமல் போயிற்று.

வாசலில் சத்தம். பக்கத்து வீட்டுப் பன்னீர் மடக்கு நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். "மனசத் தேத்திக்க தம்பி. பந்தலுக்குச் சொல்லிட்டேன்." நீடாமங்கலத்துப் பெரியப்பா ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். கும்பகோணத்துக் கமலா அக்கா தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டார். நான் ஒவ்வொருவரிடமும் ஓடி ஓடி, "மாமா உயிரோடதான் இருக்காங்க" என்றேன். "பாவம், புள்ளைக்கு அதிர்ச்சியில என்னமோ ஆயிடுச்சு" என்று எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

பதினோரு மணிக்குக் கார் வந்து நின்றது. மஞ்சள் சட்டையும் பிரசாதப் பையுமாக முதலில் இறங்கியவர் மாமா. நாற்காலிகளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"யாருடா போய்ட்டா?"

"ஐயோ எங்க மாமா, எங்கள விட்டுட்டு..." என்று பாதியில் இருந்த கமலா அக்கா, அப்படியே, "வந்துட்டியா!" என்று முடித்தார். பெரியப்பாவுக்குக் கையிலிருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வாங்கியது வாங்கியாயிற்று என்று மாமாவின் கழுத்திலேயே போட்டுவிட்டார். அத்தை அதைப் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார்.

மாமா என் கைபேசியை வாங்கிப் பார்த்தார். நான் பன்னீருக்குப் பின்னால் நின்றேன்.

"எமனச் சாமி எட்டி ஒதச்ச ஊருக்கு நான் ஆயுசு கேட்டுப் போயிருக்கேன். நீ இங்க உக்காந்து எமனுக்கு லொகேஷன் அனுப்பிருக்க!"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும். அப்பா மட்டும் சிரிக்காமல் ஒரு நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். எனக்கு அந்தச் சத்தம் சென்னை பஸ் ஹாரன் மாதிரி கேட்டது.

வந்தவர்களுக்கு அழுவதற்கு ஆள் இல்லை. திரும்பிப் போக அடுத்த பஸ்ஸும் இல்லை. காப்பி கொடுத்ததும் அத்தனை பேரும் என் அட்டைப்படத்தில் இறங்கினார்கள். நான் விளையாட்டின் கதையைச் சொன்னேன். கமலா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"தண்ணி தண்ணிங்குற. இதுல ஒரு சொட்டுத் தண்ணி இருக்கா? ஒரு மூஞ்சி, ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு. நான் வேற என்னத்த நெனைப்பேன்?"

"அது அரிக்கேன் அக்கா."

"கட்டைவெரல் அளவுல பாத்தா எல்லா வெளக்கும் குத்துவெளக்குதாண்டா."

என் படம் சின்ன அளவிலும் அரை நொடியில் எல்லாருக்கும் புரிந்துதான் இருந்தது. மாலையோடு புறப்பட்டு வரும் அளவுக்குப் புரிந்திருந்தது. தப்பான சரக்குக்குச் சரியான அட்டை ஒட்டிவிட்டேன்.

"நண்டச் சின்னதா போடாத, பெருசா போடு" என்றார் பெரியப்பா. மாமாவோ, "கலர்ல எடுடா மொதல்ல" என்று வாய்க்காலுக்கு நடந்தார். துக்கத்துக்கு வந்த கூட்டம் முழுக்கப் பின்னால் வந்தது. மாமா மடைப் பலகையைப் பிடித்து இழுக்க, தண்ணீர் சீறிப் பாய, அவர் மஞ்சள் சட்டையோடு பின்னுக்குத் தாவினார். ஒரு செருப்பு காற்றில் பறந்தது. அந்த நொடியைப் பிடித்துவிட்டேன். அதைப் பார்த்து வரைந்து, எதிரில் ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு நண்டை நிறுத்தினேன். விளக்கும் இல்லை, பூவும் இல்லை.

விளையாட்டு விற்றது. கோடீஸ்வரன் ஆகவில்லை, ஆனால் தை அறுப்பு முடிந்து, அடுத்த குறுவை நட்டும்கூட, வேலைக்கு எப்போது போகிறாய் என்று அப்பா கேட்கவில்லை.

ஆனால் குடும்பத்தில் என் மானம் போனது போனதுதான். நான் குழுவில் எந்தப் படம் போட்டாலும் முதல் பதில், "யாரு?" பொங்கல் வாழ்த்துக்கும் அதே கேள்வி. போன வருடம் என் கல்யாணப் பத்திரிகையைப் பெண்ணின் போட்டோவோடு போட்டேன். ஐந்தே நிமிடத்தில் குவைத்திலிருந்து சித்தியின் அழுகை.

"சின்னப் பொண்ணா இருக்கேடா... எப்படிடா ஆச்சு?"

"சித்தி, அது கல்யாணப் பத்திரிகை. நான் கட்டிக்கப் போற பொண்ணு."

சித்தி மூக்கை உறிஞ்சினார். "உன்னையா கட்டிக்கப் போவுது? அப்ப நான் அழுததுல தப்பே இல்ல."

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், உட்காரச் சொல்வதற்கு முன்னால் என் மனைவி சொல்லும் கதை இதுதான்.