தூசணக் காக்கா துவாயை எடுத்த காலை

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது பொய்யில்லை: கல்பிட்டியிலிருந்து புத்தளம் வரை தூசணக் காக்காவைப்போல கெட்ட வார்த்தையில் ஏச இன்னொருவர் பிறக்கவில்லை. மூத்தவரைக் காக்கா என்பது எங்கள் வழக்கம்.

உப்பளத்து வாய்க்காலில் மடைப் பலகை திறந்து மூடுவது அவர் வேலை. பலகை இறுகினால் பலகைக்கு ஏச்சு. பார்த்துக்கொண்டிருந்த காகத்துக்கும் ஏச்சு. ஒரு பெடியன் அதைப் போனில் பதிந்து அழைப்பு மணியாக வைத்தான். அது வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில், குத்பாப் பிரசங்கத்தின் நடுவே அடித்தது.

"பிள்ளைகள்ட காதுல விழப்படாது காக்கா" என்று ஊரார் கெஞ்சினார்கள்.

"ஏண்ட நாக்கு நான் செல்றத்தக் கேக்காது. துவாய் செல்றத்தக் கேக்குமோ, பாப்பம்."

அன்றிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உப்பள வரம்பால் போகும் நேரமெல்லாம் தோள் துண்டான துவாயைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார்.

"மீசை வந்தவனுகளுக்கும் கடிக்கணுமா தம்பி?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

நான் கூச்சக்காரன். "கடிங்க காக்கா" என்று மட்டும் சொன்னேன்.

மாரி முடிந்த ஒரு காலை, களப்பு நீரிலிருந்து பனி ஏறி வந்தது. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. பள்ளிக்கூடத்துக்கு என்னோடு வந்த மகள் சப்னா, எட்டு வயது, முன்னால் ஓடி மறைந்துவிட்டாள். வரம்பை ஒட்டி, ஆளை மூடும் வாய்க்கால்.

"சப்னா" என்று கூப்பிட்டேன். பனிக்குள் சின்னக் காலடி கேட்டது. மறுபடி கூப்பிட்டேன். காலடி தள்ளிப் போனது. கூப்பிடக் கூப்பிட அது வாய்க்கால் பக்கமாகவே போனது. என் குரல் நாலு திசையிலிருந்தும், யாரோ ஒருவருடைய குரலாக, திரும்பி வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆளில்லாத இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஜின், பதில் பேசாமல் மறுபக்கம் போய்விடு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நானேதான்.

துவாயோடு நின்ற காக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் துவாயை எடுத்தார்.

"ஏண்ட வாயி எந்த ஜின்னுக்கும் வராது. நீங்க பேசாம நில்லுங்க."

ஏசினார். பனிக்கு ஏசினார், வாய்க்காலுக்கு ஏசினார், என் பரம்பரையை ஏழு தலைமுறைக்கு ஏசினார். காலடி நின்றது. பிறகு எங்கள் பக்கம் திரும்பியது. அவர் மூச்சு வாங்க நிறுத்தினார், அதுவும் நின்றது. மறுபடி தொடங்கினார்.

வெள்ளைக்குள்ளிருந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, சப்னா வந்தாள்.

காக்கா தலையைக் குனிந்துகொண்டார். "ஏதும் கேட்டிச்சா மகள்?"

"ஒண்டும் கேக்கல மாமா" என்றாள் அவள்.

அவர் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் இன்றைக்கு நாற்பது நாள். ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காகத் துஆ கேட்கிறேன். அவர் ஏசிய ஏழு தலைமுறையும் என்னோடு சேர்ந்து ஆமீன் சொல்லும் என்றுதான் நினைக்கிறேன்.

எழுதி முடித்தது: ரஜப் பிறை ஒன்பது, வெள்ளிக்கிழமை.