கட்டம் பார்ப்பவர்

கட்டம் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. ஜோசியரைச் சொல்லவில்லை. கணினியைக் கேட்டால் விடை அட்டவணையாக வந்து நிற்குமே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, இந்தக் கட்டத்துக்கு என்ன பெயர், எழுத்தா எண்ணா, எவ்வளவு கொள்ளும், காலியாக விடலாமா என்று தலைப்பையே தடவிக்கொண்டிருப்பவரைச் சொல்கிறேன். சாப்பிடக் கூப்பிட்டால் தட்டை அளந்துவிட்டு எழுந்து போகிறவர்.

எங்கள் மருத்துவமனைக் கணினிப் பிரிவில் ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் முதலில் கட்டங்களின் லட்சணத்தைக் காட்டும்படி கணினிக்கு ஒரு கட்டளைத் தொகுப்பு, அதாவது ஸ்கிரிப்ட், எழுதி வைத்திருந்தார். விவரமா? அதைத் தனியாகக் கேட்க வேண்டும். வீட்டில் மளிகைச் சீட்டைக் கொடுத்தால், கிலோவா பாக்கெட்டா என்று போடவில்லையே என்று திருப்பிக் கொடுப்பாராம். எதைக் கண்டாலும் அகலம் பார்க்கிறாரே என்று 'அகலம்' என அவருக்குப் பெயர் வைத்ததே மனைவிதான்.

ஒருநாள் முற்பகல், பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அரிய ரத்த வகை. கையிருப்பில் ஒரே ஒரு பை. தலைமை நர்ஸ் படியேறி வந்து, அந்த வகைக் கொடையாளர்களின் தொலைபேசி எண்களைக் கேட்டார்.

அகலம் ஸ்கிரிப்டை ஓட்டினார். முகம் மலர்ந்தது. பெயர்க் கட்டம் நாற்பது எழுத்து தாங்கும் என்றார். தொலைபேசி பார்க்க எண் போல இருந்தாலும் எழுத்து வகைதான், இல்லாவிட்டால் முன்னால் வரும் சைபர் உதிர்ந்துவிடும் என்று விளக்கப் புறப்பட்டார்.

"சார், உள்ள யாரு இருக்காங்க?"

"காலியா விட முடியாத கட்டம் சிஸ்டர். யாராவது கண்டிப்பா இருப்பாங்க."

நர்ஸ் கத்தவில்லை. அவரை நாற்காலியோடு பின்னுக்கு இழுத்துவிட்டு, பக்கத்து மேசைப் பெண்ணிடம் விவரத்தைக் காட்டச் சொன்னார். அவள் தன் கணினியில் ஒரே ஒரு வரி தட்டினாள். திரையில் மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் வெளியூரில். இரண்டாவது ஆள் எடுக்கவில்லை. மூன்றாவது எண்ணை அழுத்தியதும் அகலத்தின் சட்டைப்பையில் மணி அடித்தது.

ஊழியர் முகாமில் என்றோ ரத்தம் கொடுத்தவர். ரத்த வகைக் கட்டம் மூன்று எழுத்து கொள்ளும் என்று தெரிந்த மனிதருக்குத் தன் வகை எது என்று நினைவில்லை.

"எழுந்திரிங்க சார்" என்றார் நர்ஸ்.

படியிறங்கும்போதே சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ஊசி ஏறும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தப் பொண்ணு பேரு என்ன?" சொன்னார்கள். எத்தனை எழுத்து என்று அவர் எண்ணவில்லை.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் ஸ்கிரிப்டில் விவரத்துக்கும் ஒரு வரி சேர்த்தார். கட்டங்களுக்குக் கீழேதான்.

சிரிக்கிறீர்கள். சரி, இதைப் படிக்க உட்காருமுன் எவ்வளவு நீளம் என்று ஒருமுறை கீழே வரை பார்த்துவிட்டு வந்தது யார்?