கண்ணாலேயே அளப்பவர்

வாசகர்களே, உலகில் அளந்து சொல்கிறவர்கள் உண்டு, கேட்டுச் சொல்கிறவர்கள் உண்டு, "எனக்குத் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிற உத்தமர்களும் ஒன்றிரண்டு பேர் உண்டு. அவர்கள் யாரும் இன்று நமக்கு வேண்டாம். இன்று நாம் சந்திக்கப்போவது பார்த்தே சொல்கிறவரை. தையற்காரர் டேப்பை உதறுவதற்குள் "நாப்பது" என்பார். நீங்கள் ஒரு தும்மல் போட்டால் உங்களுக்கு என்ன வியாதி, அது உங்கள் அப்பா வழியா அம்மா வழியா என்பதுவரை சொல்வார். எண்ணூர்ப் பக்கம் கடலில் ஒரு கப்பல் புள்ளியாகத் தெரிந்தால் அதில் எத்தனை டன் நிலக்கரி என்பார். அது நிலக்கரிக் கப்பல்தானா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இந்த இனம் எல்லா ஊரிலும் விளையும். ஆனால் எங்கள் ராயபுரத்து ரகம் வேறு. இங்கே பாதிப் பேருக்கு இயந்திரம்தான் சோறு போடுகிறது. இயந்திரம் தெரிந்த மனிதர் பார்த்தே சொன்னால் எதிர்த்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்? நெல்சன் அண்ணன் அந்த ரகம். எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையில் மீட்டர்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை. நாளெல்லாம் மீட்டரோடு இருப்பவர், வெளியே வந்தால் மீட்டரைத் தொடமாட்டார். அல்வாக் கடைக்காரர் வீட்டில் அல்வா தின்கிறாரா என்ன?

சென்ற மாதா திருவிழாவுக்குப் பாடகர் குழுவில் ஃப்ளோரன்ஸுக்குத் தனியாக ஒரு வயலின் பகுதி கொடுத்திருந்தார்கள். அவள் பல வருடங்களாகப் பின்வரிசையில் மற்ற வயலின்களோடு வயலினாக நின்றவள். இந்த வாய்ப்புக்காக எவ்வளவு ஏங்கினாள் என்பது அடுத்த வீட்டுக்காரனான எனக்குத் தெரியும். அந்தப் பகுதியை அவள் வாசித்து வாசித்து, எங்கள் வீட்டுக் குக்கரே அந்த ராகத்தில்தான் விசில் அடித்தது. வயலினில் ஒட்டுகிற சின்ன பிக்கப் ஒன்று வாங்கியாயிற்று. அதன் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்க ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். கடையில் வாங்கலாமே என்றால் அவள் கணவன் ஆண்ட்ரூ ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். சாப்பாட்டு மேசையில், பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால் உள்ள ஒற்றை டிரான்சிஸ்டரை வைத்து அவனே கட்டினான்.

இங்கே ஒரு எண் முக்கியம். உள்ளே வருகிற சிக்னலில் ஆம்ப்ளிஃபயர் எவ்வளவைத் தானே விழுங்கிவிடும் என்பதைச் சொல்வது இன்புட் ரெசிஸ்டன்ஸ். அது சிறியதாக இருந்தால் விழுங்கல் அதிகம். வயலின் பிக்கப்போ நோஞ்சான். அதற்கு நல்ல பெரிய எண் வேண்டும். இதைக் 'கே' கணக்கில் சொல்வார்கள், ஒரு கே என்றால் ஆயிரம் ஓம். ஆண்ட்ரூ அளப்பதற்கு மீட்டரை எடுத்தான். அந்த நேரம் பார்த்து நெல்சன் அண்ணன் உள்ளே நுழைந்தார்.

பார்த்தே சொல்கிறவர் எப்படிப் பார்ப்பார் தெரியுமா? முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். தலையைச் சாய்ப்பார். ஆள்காட்டி விரலைப் பலகைக்கு மேல் தொடாமல் ஒரு சுற்று சுற்றுவார்.

"இத்த போயி அளப்பாங்களா மாமு? பேஸ்ல நின்னு உள்ள பாரு. இன்னா தெரியுது?"

"இன்னா தெரியுது?" என்றான் ஆண்ட்ரூ, பாவம்.

"எமிட்டர்ல ஒரு கே கீது. உள்ள இருந்து பாத்தா அது நூறு மடங்கு. நூறு கே. முடிஞ்சிச்சா? வெளிய வர்ற பக்கம் கலெக்டர்ல இருக்கறதுதான், நாலே முக்கால் கே. மீட்டர உள்ள வை."

ஆண்ட்ரூ மீட்டரை உள்ளே வைத்தான். நாமும் வைத்திருப்போம்.

ஒத்திகையில் ஃப்ளோரன்ஸ் வில்லை இழுத்தாள். ஸ்பீக்கரில் ஒரு கொசு பாடியது. இன்னும் அழுத்தி இழுத்தாள். கொசு சற்றே கோபமாகப் பாடியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாடகர் குழுத் தலைவர், இந்தப் பகுதியைக் கீபோர்டுக்கே கொடுத்துவிடலாமா என்று மிக மரியாதையாகக் கேட்டார். நெல்சன் அண்ணன் கலங்கினாரா? கூரையைப் பார்த்தார். "ஹால் எக்கோ அடிக்குது" என்றார். வயலினைப் பார்த்தார். "கட்டை ஈரம்" என்றார். அவளையே பார்த்தார். நல்லவேளை, வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ளோரன்ஸ் மீட்டரை எடுத்து ஆண்ட்ரூவின் தட்டில், சோறு இருக்கவேண்டிய இடத்தில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் பாத்துக்கினு இருந்தது போதும். அளந்துட்டு துன்னு."

அளப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. போனிலிருந்து ஒரு ஓசையை, மெல்லிசாக, நேராக உள்ளே விட்டு, வெளியே எவ்வளவு வருகிறது என்று ஆண்ட்ரூ பார்த்தான். ரொம்ப ஏற்றினால் டிரான்சிஸ்டர் உளறும், அதனால்தான் மெல்லிசு. பிறகு வழியில் ஒரு வால்யூம் கன்ட்ரோலை வைத்து, வெளியே வருவது சரிபாதியாகும்வரை திருகினான். கன்ட்ரோலைக் கழற்றி அதன் தடையை அளந்தான். பாதியைக் கன்ட்ரோல் தின்றால் மீதிப் பாதி ஆம்ப்ளிஃபயருக்கு, ஆக இரண்டு தடையும் சமம், அதுதான் விடை. இரண்டு கே. நூறு அல்ல ஐயா, இரண்டு.

எமிட்டரில் அண்ணன் பார்த்த அந்த ஒரு கே ரெசிஸ்டருக்குப் பக்கத்திலேயே ஒரு கெப்பாசிட்டர் குந்தியிருந்தது. சிக்னல் அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். சிக்னலைப் பொறுத்தவரை அந்த ரெசிஸ்டர் அங்கே இல்லவே இல்லை. இல்லாததை நூறால் பெருக்கியிருக்கிறார் நமது அண்ணன். இதே முறையில் வெளியே வரும் பக்கத்தையும் அளந்தான். நாலே முக்கால் கே. அண்ணன் சொன்னதேதான். கொடுமையே இதுதான்: இந்த இனம் எல்லாமே தவறாகச் சொல்லித் தொலைத்தால் ஊர் எப்போதோ பிழைத்திருக்கும்.

ஆண்ட்ரூ முன்னால் இன்னொரு டிரான்சிஸ்டரைச் சேர்த்தான், சிக்னலைத் தின்னாமல் பின்னால் கைமாற்றிவிடுகிற மாதிரி. மறுபடி அளந்தான். இருநூறு கே. அடுத்த ஒத்திகையில் கீபோர்டுக்காரர் தானாகவே கையை மடியில் வைத்துக்கொண்டார்.

திருவிழா அன்று வயலின் கோயிலை நிறைத்தது. எனக்குக் கண் கலங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பக்கத்தில் நின்ற நெல்சன் அண்ணன் என் தோளைத் தட்டினார். "பாத்தவுடனே சொன்னேன்ல? சர்க்கியூட்டு ஜோரா கீதுன்னு."

சரி, அவர் கிடக்கட்டும். இதைப் படித்துக்கொண்டே வரும்போது உங்கள் மனத்தில் ஒரு முகம் வந்து நின்றதே, உங்கள் ஆபீஸ்காரரோ, அடுத்த வீட்டுக்காரரோ, மைத்துனரோ? "அட, இது அச்சு அசல் அவரேதான்" என்று முடிவே கட்டிவிட்டீர்களே?

அளந்தா பார்த்தீர்கள்?